வீட்டு அறைக்கும் சின்ன மேடைக்கும் ஒரே கிட்டார் ஆம்ப்

என்னுடைய முதல் நல்ல ஆம்ப்பின் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரின்) வால்யூம் குமிழ், நான் அதை வைத்திருந்த நான்கு வருடமும் ஒன்றரையைத் தாண்டியதில்லை. 40 வாட், வால்வு ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர். வாங்கும்போது கடைக்காரர் "மேடைக்குப் போனா பவர் வேணும் சார்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டில் குமிழை ஒன்றில் வைத்தால் கொசு ரீங்காரம் மாதிரி கேட்கும். ஒன்றேகாலுக்கு வந்தால், தங்கள் சீலிங் ஃபேன் கொக்கி அதிர்கிறது என்று கீழ் வீட்டு மாமி சொல்லி அனுப்புவார். சரி, மேடையிலாவது வாழ்ந்ததா என்றால் அதுவும் இல்லை. நான் வாசித்ததெல்லாம் முப்பது நாற்பது பேர் உட்காரும் காபிக் கடைகளில். முதல் பாட்டு முடிவதற்குள் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் நிற்கும் தம்பி ஓடி வந்து, "அண்ணா, ஆம்ப்பைக் குறைங்க, பாடுறவங்க குரலே கேக்கல" என்பார்.

தவறு ஆம்ப்பில் இல்லை, நான் கேட்ட கேள்வியில். "எத்தனை வாட்?" என்று கேட்டேன். "என் கிட்டார் சத்தத்தைக் கூட்டத்திடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார், ஆம்ப்பா, அரங்கத்து ஸ்பீக்கரா?" என்று கேட்டிருக்க வேண்டும். ஆம்ப் தேர்வில் முக்கால்வாசிக் குழப்பம் இந்த ஒரு கேள்வியிலேயே தெளிந்துவிடும்.

பெரிய ஆம்ப் மோகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது புரியும். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேர் முன்னால் பீட்டில்ஸ் வாசித்தார்கள். அந்தச் சுற்றுப்பயணத்துக்கென்றே வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்களைச் செய்து கொடுத்திருந்தது. கிட்டார் ஒலியைப் பரப்ப இன்று இருப்பது போன்ற ஒலியமைப்பு அன்று கிடையாது. பேஸ்பால் ஆட்டத்துக்கு அறிவிப்புச் செய்யும் மைதானத்து ஸ்பீக்கர்கள்தான் இருந்தன. ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசித்தது தங்களுக்கே கேட்கவில்லை என்று அவர்கள் பின்னாளில் சொன்னார்கள். அதே காலத்தில் லண்டனில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்க, ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்ப் செய்து கொடுத்தார். அன்றைக்குக் கடைசி வரிசை ஆள்வரை கிட்டாரைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு முழுக்க ஆம்ப்பின் தலையில்தான்.

இன்று ஐம்பது பேர் கூடும் இடத்தில்கூட ஒரு மிக்ஸரும் ஸ்டாண்டில் இரண்டு ஸ்பீக்கரும் இருக்கின்றன. கிட்டார் ஒலி ஆம்ப்புக்கு முன்னால் வைத்த மைக் வழியாகவோ ஒரு கேபிள் வழியாகவோ அங்கே போய்விடும். கூட்டத்தை அது பார்த்துக்கொள்ளும். ஆம்ப்பின் வேலை உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்பது, அவ்வளவுதான்.

இனி வாட் கணக்குக்கு வருவோம். நம் காது வாட்டை நேர்க்கணக்காகக் கேட்பதில்லை. கல்யாண மண்டபத்தில் ஒருவர் நாதஸ்வரம் வாசிக்கிறார். அதே பலத்தில் இன்னொருவர் சேர்ந்துகொண்டால் சத்தம் இரண்டு மடங்கானதாக யாருக்கும் தோன்றாது, கொஞ்சம் கூடினதாகத்தான் படும். காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்க, பத்துப் பேர் வேண்டும். ஆம்ப்பும் அப்படித்தான். வாட் இரட்டித்தால் சத்தம் 3 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) கூடும், பத்து மடங்கானால் 10 டெசிபல். ஆக 40 வாட் ஆம்ப்பின் பாதிச் சத்தம் வேண்டுமென்றால் 20 வாட் வாங்கிப் பயனில்லை. 4 வாட்டுக்கு இறங்க வேண்டும்.

இதில் ஸ்பீக்கருக்கும் பங்கு உண்டு, விளம்பரங்களில் அது பெரிதாக வருவதில்லை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கும் என்று ஸ்பீக்கர் செய்பவர்கள் குறிப்பிடுவார்கள். கிட்டார் ஸ்பீக்கர்களில் 97, 98, 100 என்ற எண்கள் சாதாரணம். 97 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டால், ஆம்ப்பின் வாட்டை இரட்டித்த அதே பலன் கிடைக்கும்.

இதையே வைத்து இன்னொரு கணக்கும் போடலாம். 5 வாட் வால்வு ஆம்ப், 97 டெசிபல் ஸ்பீக்கர், குமிழை முழுக்கத் திருப்பியாயிற்று. 5 வாட்டுக்கு 7 டெசிபல் கூட்ட, ஒரு மீட்டர் தூரத்தில் 104 டெசிபல் வருகிறது. பத்துக்குப் பத்து அறையில் இது காதைக் கிழிக்கும். 100 டெசிபல் ஒலியை நாளுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரை. "வெறும் 5 வாட்தானே, அபார்ட்மெண்ட்டுக்குப் பரவாயில்லை" என்று வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு வாட் ஆம்ப்கூட முழு வேகத்தில் அபார்ட்மெண்ட்டுக்கு அதிகம்தான்.

ஆம்ப்புக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் கிட்டார் பிக்கப் தருவது மிகச் சிறிய மின் அலை. ப்ரீஆம்ப் அதைத் தூக்கி, பாஸ் (அடிக்குரல்), ட்ரெபிள் (உச்சக்குரல்) எல்லாம் சேர்த்து அதன் குணத்தை வகுக்கிறது. பவர் ஆம்ப் அதற்கு ஸ்பீக்கரை அசைக்கும் பலத்தைக் கொடுக்கிறது. கெயின் குமிழ் ப்ரீஆம்ப்பை எவ்வளவு நெருக்குகிறோம் என்பதற்கு, மாஸ்டர் குமிழ் மொத்தச் சத்தத்துக்கு. கெயினைக் கூட்டி மாஸ்டரைக் குறைத்தால் குறைந்த சத்தத்திலேயே டிஸ்டார்ஷன், அதாவது ஒலி உடைந்து வரும் கரகரப்பு, கிடைக்கும். கெயினைக் குறைத்து மாஸ்டரைக் கூட்டினால் கிளீன், அதாவது உடையாத தெளிவான ஒலி. புதிதாக வாசிப்பவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒரே வேலை செய்பவை என்று நினைத்து, இரண்டையும் சேர்த்தே திருகிக்கொண்டிருப்பார்கள்.

ஆம்ப்களில் வால்வு, டிரான்சிஸ்டர், மாடலிங் என்று மூன்று குடும்பங்கள். தாத்தா வீட்டு வால்வு ரேடியோவைப் பார்த்தவர்களுக்கு முதல் வகையை விளக்க வேண்டியதில்லை. சுவிட்சைப் போட்டதும் பாடாது, உள்ளே சிவப்பாகச் சூடேறி, அப்புறம்தான் வாயைத் திறக்கும். மற்ற பெரும்பாலான கருவிகளிலிருந்து விடைபெற்ற வால்வு கிட்டார் ஆம்ப்பில் விடாப்பிடியாக இருப்பதற்குக் காரணம், அது தன் எல்லையைத் தாண்டும்போது நடந்துகொள்ளும் விதம். அலையின் தலையை அது சட்டென்று வெட்டுவதில்லை, மெல்ல மெல்ல அமுக்குகிறது. காதுக்கு அது இதமான கரகரப்பாகக் கேட்கிறது. டிரான்சிஸ்டர் எல்லையைத் தாண்டினால் வெடுக்கென்று வெட்டும், அது இனிக்காது. அதனால் டிரான்சிஸ்டர் ஆம்ப்பை எப்போதும் எல்லைக்கு உள்ளேயே வைத்து வாசிக்கிறோம். 15 வாட் வால்வு ஆம்ப் 40 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு ஈடு கொடுக்கிறது என்று வாசிப்பவர்கள் சொல்வது இதனால்தான். வாட் என்பது இரண்டிலும் ஒரே வாட்தான், அதில் எவ்வளவைக் கூசாமல் பயன்படுத்த முடிகிறது என்பதில்தான் வித்தியாசம்.

டிரான்சிஸ்டர் என்றால் மட்டம் என்ற எண்ணமும் வேண்டாம். 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120, கிளீன் டோனுக்கு இன்றும் ஒரு அளவுகோல். அது முழுக்க டிரான்சிஸ்டர்தான். மாடலிங் ஆம்ப் என்பது பல ஆம்ப்களின் குணத்தைக் கணினிச் சில்லில் கணக்குப் போட்டு மிமிக்ரி செய்வது. இருபது வருடத்துக்கு முன் அந்த மிமிக்ரி பிளாஸ்டிக் வாடை அடித்தது. இப்போது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நானே பல முறை ஏமாந்திருக்கிறேன்.

மேடைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது டிரம்ஸ். ஒரு குரல், ஒரு கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி), உங்கள் கிட்டார் என்றால் 10, 15 வாட் டிரான்சிஸ்டரே தாராளம். குச்சியால் அடிக்கும் முழு டிரம் செட் பின்னால் இருந்தால் ஆம்ப் அதனோடு போட்டி போட்டாக வேண்டும். அப்போது 15 முதல் 20 வாட் வால்வு, அல்லது 40, 50 வாட் டிரான்சிஸ்டர் அல்லது மாடலிங், 12 அங்குல ஸ்பீக்கரோடு வேண்டும். 8 அங்குல ஸ்பீக்கர் வீட்டில் நன்றாகத்தான் இருக்கும். டிரம்ஸ் ஆரம்பித்ததும் அதன் அடிக்குரல் காணாமல் போய், தகரம் மாதிரி ஒன்று மிஞ்சும். இரண்டாவது விஷயம், நீங்கள் வாசிப்பது கிளீனா, கரகரப்பா என்பது. ஜாஸ், ஃபங்க், சினிமாப் பாட்டுகளின் துல்லியமான ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) போன்றவற்றுக்கு, உரக்க வாசித்தாலும் உடையாத கிளீன் வேண்டும், ஆகவே வாட் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். ப்ளூஸும் ராக்கும்தான் என்றால் ஆம்ப் உடைவதே உங்களுக்கு லாபம், சிறியது போதும்.

எடையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு ஸ்பீக்கர் கொண்ட வாக்ஸ் ஏசி30 முப்பது கிலோவைத் தாண்டும். ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட 22 வாட் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் இருபது கிலோவுக்குள் அடங்கும். பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50 போன்ற மாடலிங் காம்போ, அதாவது ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது, பன்னிரண்டு கிலோ சுமார். ஒரு கையில் கிட்டார், ஒரு கையில் ஆம்ப், தோளில் பெடல் பை என்று லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறிய பிறகு, டோன் பற்றிய என் கொள்கைகள் நிறைய மாறின.

குறைந்த சத்தத்தில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. சத்தம் குறையும்போது நம் காது அடிக்குரலையும் உச்சக்குரலையும் கூடுதலாகத் தவறவிடுகிறது, நடுக்குரல்தான் தங்குகிறது. வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது ஏதோ குறைவதுபோல் பட, பாஸையும் ட்ரெபிளையும் கூட்டி, நடுக்குரலைக் குறைத்து ஒரு 'சூப்பர் டோன்' செட் பண்ணுவோம். அதே அமைப்பை மேடையில் உரக்கத் திறந்தால் பாஸ் கொழகொழவென்று குழையும், ட்ரெபிள் குத்தும். கிட்டாரின் உயிர் இருக்கும் நடுக்குரலோ டிரம்ஸுக்கும் பாடகருக்கும் நடுவில் தொலைந்துவிடும். வீட்டுக்கு ஓர் அமைப்பு, மேடைக்கு ஓர் அமைப்பு என்று தனித்தனியாகச் சேமித்துவைக்க வசதியுள்ள ஆம்ப் இந்த இடத்தில் கைகொடுக்கும்.

இந்த இரட்டை வாழ்க்கைக்காகவே பல ஆம்ப்களில் பவரைக் குறைக்கும் சுவிட்ச் வைக்கிறார்கள். கட்டானா 50-இல் அரை வாட், 25, 50 என்று மூன்று நிலைகள். மார்ஷல் டிஎஸ்எல்20-இல் 20, 10. மேலே போட்ட கணக்கை நினைவில் வைத்துப் பாருங்கள். 20-இலிருந்து 10-க்கு இறங்கினால் குறைவது 3 டெசிபல் மட்டுமே, மாமிக்கு அது தெரியவே தெரியாது. அரை வாட் நிலை இருக்கிறதா என்று பாருங்கள், வீட்டுக்கு உதவுவது அதுதான்.

ரெக்கார்டிங்குக்கு வழி மூன்று. ஆம்ப்புக்கு முன்னால் மைக் வைப்பது பழைய வழி, இன்னும் அழகான வழி. ஷூர் எஸ்எம்57 மைக் 1965-இலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. ஸ்பீக்கர் துணிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னால் வைத்து, கூம்பின் நடுவை நோக்கினால் கூர்மையான ஒலி கிடைக்கும். விளிம்புப் பக்கம் நகர்த்தினால் இருண்டு மென்மையாகும். இரண்டு விரல் அகலம் நகர்த்துவது ஒரு ஈக்வலைசர் வாங்குவதற்குச் சமம். ஆனால் ஆம்ப் ஓரளவு உரக்க ஒலிக்க வேண்டும், அறை நன்றாக இருக்க வேண்டும், மிக முக்கியமாகச் சமையலறையில் குக்கர் வைத்திருக்கக் கூடாது. என் சிறந்த சோலோ ஒன்றில் மூன்றாவது விசில் சுருதி சேராமல் பதிவாகியிருக்கிறது.

இரண்டாவது வழி லைன் அவுட், ஆம்ப்பிலிருந்து ஒலியைக் கேபிள் வழியாக வெளியே எடுக்கும் துளை. இதில் ஒரு பொறி உண்டு. கிட்டார் ஸ்பீக்கர், பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் மாதிரி எல்லா அதிர்வெண்ணையும் ஒலிப்பதில்லை. ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது வேகமாக மங்கிவிடுகிறது. டிஸ்டார்ஷனில் உள்ள முட்களை மழித்து நமக்குக் கொடுப்பது அந்த மங்கல்தான். ஸ்பீக்கரைத் தவிர்த்து ப்ரீஆம்ப்பிலிருந்து நேராகக் கணினிக்கு இழுத்தால், தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டு மாதிரி கேட்கும். ஆகவே வெறும் லைன் அவுட் போதாது, ஸ்பீக்கரைப் பாவனை செய்யும் சுற்று அதில் இருக்க வேண்டும். கேபினெட் சிமுலேஷன் என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான்.

மூன்றாவது யூஎஸ்பி. இன்றைய மாடலிங் ஆம்ப்கள் பலவற்றில் ஒரு கேபிள் குத்தினால் போதும், கணினிக்கு அதுவே சவுண்ட் கார்டு. நள்ளிரவில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பதிவு செய்யலாம். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் இரண்டை வைத்து, மேசைமேல் உட்காரும் யமஹா டிஎச்ஆர் போன்றவை இதற்கென்றே பிறந்தவை. வீட்டுக்கு மட்டும் என்றால் அதற்கு மேல் தேட வேண்டாம். டிரம்ஸ் இருக்கும் மேடைக்கு மட்டும் அதை நம்பிப் போகாதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஆம்ப்பின் பின்பக்கத்தை ஒரு தடவை ஆராய்வது நல்லது. பல சின்ன ஆம்ப்களில் ஹெட்ஃபோனுக்கும் ரெக்கார்டிங்குக்கும் ஒரே துளைதான். அதில் கேபிளைச் செருகியதும் ஆம்ப்பின் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். வீட்டில் அது வசதி. மேடையிலோ, அதே துளையிலிருந்து மிக்ஸருக்குக் கேபிள் கொடுத்தால் உங்களுக்கு ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கரை ஊமையாக்காத தனி லைன் அவுட், முடிந்தால் எக்ஸ்எல்ஆர் துளை (மைக் கேபிளில் இருக்கும் மூன்று பின் வகை), இருந்தால் மைக்கே இல்லாமல் மேடையைச் சமாளிக்கலாம். கடையில் நூறு எஃபெக்ட் இருப்பதைக் காட்டுவார்கள், இந்தத் துளையைக் காட்டுவதில்லை. நீங்களே கேளுங்கள்.

வால்வு ஆம்ப்தான் வேண்டும் என்று மனது கேட்கிறதா? வாங்குங்கள், தடையில்லை. ஒன்று மட்டும்: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதை ஒருபோதும் வாசிக்காதீர்கள். போக வழியில்லாத சக்தி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் பொசுக்கிவிடலாம். சத்தமில்லாமல் ரெக்கார்ட் பண்ண, ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சுமை தாங்கும் லோட் பாக்ஸ் வேண்டும், அல்லது அந்த வசதி உள்ளேயே இருக்கும் ஆம்ப் வேண்டும். பவர் வால்வுகள் தேயும் பொருள், சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து சித்தப்பா மகன் வரும்போது ஒரு ஆம்ப் எடுத்துவரச் சொல்லலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அங்கே 120 வோல்ட், நமக்கு 230. பின்பக்கத்து ஸ்டிக்கரில் 120 மட்டும் போட்டிருந்தால், இங்கே நேராகச் செருகிய நொடியில் ஃப்யூஸ் போவது குறைந்தபட்ச நஷ்டம். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் கூடவே சுமக்க வேண்டிவரும். எர்த் விஷயத்திலும் விளையாட வேண்டாம். மூன்று பின் பிளக்கின் எர்த் காலைப் பிடுங்கிவிட்டு இரைச்சலைக் குறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆம்ப்புக்கும் மிக்ஸருக்கும் எர்த் சரியில்லாத மேடையில், கம்பியில் விரலும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் பட்டால் வாங்கும் ஷாக் சும்மா சுருக்கென்பதோடு நிற்காது, ஆளையே கொல்லலாம். இரண்டுக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து மின்சாரம் எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை, நம் ஊர்க் கடைகளுக்காக. பிக்கப் வைத்த அக்கூஸ்டிக் கிட்டாரை இங்கே பலர் 'செமி அக்கூஸ்டிக்' என்பார்கள். உங்களுடையது அதுவென்றால் மேலே சொன்ன ஆம்ப்கள் உங்களுக்கானவை அல்ல. எலெக்ட்ரிக் ஆம்ப்பின் ஸ்பீக்கர் மேல் அதிர்வெண்ணை மழித்துவிடும் என்று பார்த்தோமே, அக்கூஸ்டிக்கின் மினுமினுப்பு இருப்பதே அங்கேதான். அதற்கென்று அக்கூஸ்டிக் ஆம்ப் தனியாக இருக்கிறது. அல்லது நேராக மிக்ஸருக்குப் போய்விடுங்கள்.

கடைக்கு உங்கள் சொந்தக் கிட்டாரோடு போங்கள். விற்பனையாளர் வாசித்துக் காட்டினால் ரசித்துவிட்டு, அப்புறம் நீங்கள் உட்கார்ந்து வாசியுங்கள். எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்து, டோன் குமிழ்களை நடுவில் வைத்து, வீட்டில் வாசிக்கும் சத்தத்தில் முதல் பத்து நிமிடம். அந்தச் சத்தத்தில் பிடிக்காத ஆம்ப் வீட்டிலும் பிடிக்கப்போவதில்லை. பிறகு உரக்க. ஆம்ப் தரையில் இருந்தால் ஒரு நாற்காலிமேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரின் உச்சக்குரல் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போவது, அது உங்கள் முழங்காலில் பட்டு என்ன பயன்? மேடையிலும் இதே நாற்காலி வித்தையைச் செய்தால் குறைந்த வால்யூமிலேயே உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும்.

முதல் ஆம்ப்புக்கு என்னைக் கேட்டால், வீடும் மேடையும் இரண்டும் வேண்டும் என்பவருக்கு 40, 50 வாட் மாடலிங் காம்போ, 12 அங்குல ஸ்பீக்கர், அரை வாட் சுவிட்ச், யூஎஸ்பி, ஊமையாக்காத லைன் அவுட். பழையது கிடைத்தால் இன்னும் நல்லது, இந்த வகை ஆம்ப்கள் நிறையக் கைமாறுகின்றன. வாங்கும்போது எல்லாக் குமிழையும் ஒருமுறை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கரகரவென்றால் பெரும்பாலும் தூசிதான், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும், விலையைக் குறைக்க அதைச் சாக்காகவும் வைத்துக்கொள்ளலாம். கிட்டாரைச் செருகாமலே உறுமினால், இன்னொரு பிளக் பாயிண்டில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் உறுமினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.